பகலில் தூங்குகிறவருக்கு ஒரு பிளான்

"அடுப்படிய ரோட்டப் பாத்து வைக்கச் சொன்னது யாரு? போறவன் வாறவன் எல்லாம் எங்க வீட்டுக் கொழம்ப எட்டிப் பாக்கவா?"

ஆறுமுகம் அண்ணன் ப்ளூபிரிண்டை என் மேசைமேல் போட்டபோது நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. எழுபதுகளின் கடைசி. கொச்சியில், கொச்சங்காடியில் ஒரு சுக்கு கோடவுனுக்கு மேலே எங்கள் ஆபீஸ். களமசேரியில் டிராஃப்ட்ஸ்மேன் படிப்பு முடித்து வந்த என்னிடம் மாத்யூ சார் முழுதாக ஒப்படைத்த முதல் வீடு அது. சார் இன்ஜினியர், மலையாளி. எங்களிடம் தமிழ் பேசிப் பார்ப்பார்.

ஆறுமுகம் அண்ணன் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஏலூரில் ஒரு உரத் தொழிற்சாலையில் மூன்று ஷிப்ட் வேலை. மனைவி பேச்சியம்மா அக்கா, மூன்று பிள்ளைகள். மட்டாஞ்சேரியில் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருந்துகொண்டே மூன்றரை சென்ட் மனை வாங்கியிருந்தார். முன்னால் ஹால், அடுத்து படுக்கையறை, பின்னால் அடுக்களை, எல்லாரும் கட்டுகிற மாதிரி போதும் என்று சொல்லியிருந்தார். நானும் முதலில் அப்படித்தான் வரைந்தேன்.

கட்டில், பீரோ அளவு எடுக்க ஒரு சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். காலை பதினொரு மணி. நைட் ஷிப்ட் முடிந்து வந்து அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்த அக்கா உதட்டில் விரலை வைத்தார். பெரிய பிள்ளைகள் இருவரும் கையால் ஜாடை காட்டிப் பேசிக்கொண்டார்கள். அக்கா எனக்குச் சாயா தந்த டம்ளருக்கு அடியில் துணி மடித்து வைத்திருந்தார். நான் டேப்பைப் பிடித்திருந்தபோது கடைசிப் பெண், நாலு வயது இருக்கும், பீரோ மூலையில் முட்டியை இடித்துக்கொண்டாள். வாய் திறந்தது. உடனே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். யாரும் அவளைப் பொத்தச் சொல்லவில்லை.

அக்கா என்னைத் தெருக்குழாய் வரை வந்து வழியனுப்பினார். அங்கேதான் குரல் வந்தது.

"இப்படியே பதினோரு வருசமாச்சு தங்கச்சி. அவரக் குத்தம் சொல்ல முடியாது. தூங்காம மெஷின் முன்னாடி நின்னா கை போயிரும். புது வீட்டுலயாவது நான் வாய்விட்டுப் பேசணும். ஏதாச்சும் செய்ய முடியுமா?"

பழைய பிளானைக் கிழித்துப் போட்டேன். மனை கிழக்கு பார்த்தது. அடுக்களையை முன்பக்கத் தென்கிழக்கு மூலைக்குக் கொண்டுவந்தேன். தண்ணீர் பைப்பும் ரோட்டிலிருந்துதான் வரும், வாஸ்து பார்க்கிற மேஸ்திரியும் மறுப்பு சொல்ல மாட்டார். படுக்கையறை பின்கோடியில். நடுவில் ஸ்டோரும் பாத்ரூமும், அதாவது சத்தத்துக்கு இரண்டு சுவர். சார் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அக்காவும் சரி என்றார். அண்ணனிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

இப்போது அவர் என் மேசைக்கு முன்னால் நிற்கிறார்.

"இந்தக் கொச்சுப் பொண்ணு வரைஞ்சதில தப்பு உண்டெங்கில் மாத்தித் தராம் கேட்டோ," என்றார் சார்.

ஆனாலும் கேட்டுவிட்டேன். "அண்ணே, நீங்க தூங்கும்போது உங்க சின்ன மக எப்படி அழுவான்னு தெரியுமா?"

பார்த்ததைச் சொன்னேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அவ அழுது நான் கேட்டதே இல்லையேம்மா."

"நீங்க கேக்கக்கூடாதுன்னுதான் அண்ணே."

பிளானைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். பிறகு, "அடுப்படி ஜன்னலுக்கு ஒரு சிமெண்ட் ஜாலி வச்சுக் குடு. கொழம்பு வெளிய தெரியக் கூடாது," என்றார்.

வீடு எழும்பியது. குடிபோன ஒரு மாதத்தில் அண்ணன் தனியாக ஆபீஸுக்கு வந்தார். கண் சிவந்திருந்தது.

"தூக்கம் வரலம்மா."

"சத்தம் கேக்குதா அண்ணே?"

"ஒண்ணுமே கேக்கல. அதான். கண்ண மூடினா ஆளில்லாத வீட்டுல கிடக்கற மாதிரி இருக்கு. பழைய வீட்டுல யாரும் பேசலன்னாலும் காலடி கேக்கும், சேல உரசும். பக்கத்துல இருக்காங்கன்னு தூங்கிருவேன்."

அந்தக் குடும்பத்தை நான் போய்ப் பார்த்தது அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது. மற்ற நால்வரின் கஷ்டத்தை மனதில் வைத்து வரைந்தேன். அவரை ஒரு தொல்லையாக நினைத்துப் பின்கோடிக்குத் தள்ளியிருந்தேன்.

இந்தத் தடவை அக்காவையும் ஆபீஸுக்கு வரச் சொல்லி, இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்டேன். படுக்கையறைச் சுவரில், முன்பக்கம் போகும் நடையைப் பார்த்து ஒன்றரை அடிக்கு ஒரு வென்டிலேட்டர். அறைக்கு உள்ளிருந்து திறந்து மூடும் பலகை.

"வேணுங்கற அளவுக்குத் தொறந்துக்கட்டும்," என்றார் அக்கா, ஆபீஸே திரும்பிப் பார்க்கும் குரலில். "நான் மெதுவாப் பேச மாட்டேன்."

அண்ணன் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

இப்போது கம்ப்யூட்டரில் பிளான் போடுகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்வதுண்டு. வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் மட்டும் போதாது. ஒவ்வொருவரையும் அவர் விழித்திருக்கிற நேரத்தில் பாருங்கள். முனிசிபாலிட்டி பாஸ் செய்த பிளானில் அந்த வென்டிலேட்டர் கிடையாது. நான் அந்த வீட்டுக்குச் சரியாக வரைந்தது அது ஒன்றுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.