சமத்துப் பிள்ளை

மூன்று வயது மகளைக் கூட்டிவர அங்கன்வாடிக்குப் போகும்போதெல்லாம் டீச்சர் ஒன்றையே சொல்வார்: “ஒம் பொண்ணு ரொம்ப சமத்தும்மா, அழுவறதே இல்ல.” எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஒருநாள் நான் வாசலில் நிற்கும்போது பக்கத்து இரும்பு ஆலையில் பெரிய வெடிச்சத்தம் கேட்டது. பிள்ளைகளெல்லாம் அலறி டீச்சரைக் கட்டிக்கொண்டார்கள். என் மகள் மட்டும் சாப்பாட்டுத் தட்டைத் தரையில் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

மறுநாளே திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். காது நன்றாகக் கேட்கிறது என்ற டாக்டர், பேச்சுப் பயிற்சிக்கு வரச் சொல்லிவிட்டுக் கேட்டார்: “கடைசியா எப்ப உங்கள அம்மான்னு கூப்பிட்டா?”

ஒரு வயதில் கூப்பிட்டவள்தான். எப்போது நிறுத்தினாள்? திரும்பும் பஸ்ஸில் எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை.

பக்கத்து சீட்டு அம்மா அவள் கன்னத்தைத் தொட்டார். “இன்னா சமத்தா குந்திக்கினுகீது பாரு!”

அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.