காணாமல் போன பள்ளம்

வாலாஜாபாத்திலிருந்து காஞ்சிபுரம் திரும்பும்போது, கோயில் தெருமுனையில் மழைத்தண்ணீர் நின்ற பள்ளத்தில் என் காரின் முன்சக்கரம் இறங்கியது. டமால்! டயர் வெடித்து ரிம்மும் நெளிந்துவிட்டது. நல்லவேளை, எதிரில் வண்டி எதுவும் வரவில்லை. ஸ்டெப்னி மாற்றி வீடு வந்தேன். மோசமான சாலையால் சேதமானால் நஷ்டஈடு கேட்கலாம் என்று எங்கோ படித்த ஞாபகம். உண்மையிலேயே தருவார்களா, பார்த்துவிடுவோமே என்று ஒரு ஆர்வம். டயரையும் ரிம்மையும் பல கோணங்களில் படம் எடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து, நஷ்டஈடு கேட்டு எழுதிய மனுவை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைத்துறை அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பொறியாளர் பொறுமையாகப் பார்த்தார்.

"எல்லாம் சரிம்மா. பள்ளத்தோட போட்டோ எங்க?"

அதை எடுக்கவே இல்லை! நேரே தெருமுனைக்கு ஓடினேன். பள்ளத்தைக் காணோம். இடம் மாறி வந்துவிட்டேனோ என்று குனிந்து குனிந்து தேடினேன். அங்கே பூக்கட்டிக்கொண்டிருந்த பெண் சிரித்தாள்.

"இன்னாம்மா தேடுறீங்க? பள்ளமா? நேத்தே ரொப்பிட்டாங்க. நாளைக்கு இந்த வழியா சாமி வருதில்ல? தூக்கினு வர்றவங்க காலு மடங்கினா இன்னா ஆவறது?"

நியாயம்தானே! மனு என் கைப்பையிலேயே தங்கிவிட்டது.

இப்போதெல்லாம் வண்டி எதிலாவது இறங்கினால், டயரைப் பார்க்கும் முன்பே பள்ளத்தைப் படம் எடுத்துவிடுகிறேன், பக்கத்துக் கடைப் பலகையும் தெரியும்படி. எங்கள் வீட்டு வாசலிலும் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. அதை மட்டும் இன்னும் எடுக்கவில்லை. அவசரமில்லை; எங்கள் தெரு வழியாகச் சாமி வருவதில்லை.