ஹாங்காங் புத்தகத்தில் இல்லாதவள்

எழுபதுகளில் ஒரு கோடையில், கப்பலில் வேலை பார்த்த என் தாய்மாமா காமயகவுண்டன்பட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஹாங்காங்கில் வாங்கிய பட்டாம்பூச்சிப் புத்தகமும் ஒரு டப்பா குண்டூசியும் கொண்டுவந்திருந்தார். அந்த ஊர்ப் படத்தை வைத்து இந்த ஊர்ப் பூச்சிகளுக்குப் பெயர் சொல்லிக் குத்தி வைப்பதுதான் அவருக்கு வேலை. தாய்மாமன் சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது.

நான் எலுமிச்சை மரத்துப் புழுக்களைப் பாட்டிலில் போட்டு வளர்த்துக்கொண்டிருந்தேன். முதலில் கூட்டிலிருந்து வெளிவந்தது கருப்பு; பின் இறக்கையில் வெள்ளைப் பட்டை. அதைப் பறக்க விட்டேன். அடுத்து வந்தவளுக்கு முன் இறக்கையில் வெள்ளைப் பட்டைகள், பின் இறக்கையில் சிவப்புப் புள்ளிகள். மாமா புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். அவள் எந்தப் பக்கத்திலும் இல்லை. மாமாவுக்கு முகமெல்லாம் பல்.

"அக்கா, இது உலகத்துல எவனும் பாக்காத இனம்! மெட்ராஸ் மியூசியத்துக்கு அனுப்புனா என் பேரையே வப்பாக."

"இல்ல மாமா, இது மொதல்ல வந்தவனோட தங்கச்சி. ரெண்டையும் ஒரே கொப்புலதான் எடுத்தேன்."

"புத்தகத்துல இல்லாதத நீ கண்டியாக்கும்?"

"ஒங்க புத்தகம் நம்ம ஊரப் பாக்கலயே."

"மாமா சொல்றாகல்ல, வாய மூடுடி" என்றாள் அம்மா.

மாமா குண்டூசியை எடுத்தார். அவள் இறக்கை அப்போதுதான் காய்ந்திருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் பாட்டிலைப் பிடுங்கி மூடியைத் திறந்துவிட்டேன். அவள் திராட்சைப் பந்தலைத் தாண்டிப் போனாள். மாமா துண்டை வீசிக்கொண்டே ஓடிப் பந்தல் கம்பியில் முட்டிக்கொண்டார்.

"ஒங்க பேர வேற பூச்சிக்கு வச்சுக்கங்க" என்றேன்.

கல்லூரியில் படித்தபோதுதான் தெரிந்தது, நான் சொன்னது சரி. இரண்டும் ஒரே இனம். நம் பக்கத்துத் துணையினத்தில் சில பெண் பூச்சிகள், பறவைகள் தொடாத விஷப் பூச்சி ஒன்றின் நிறத்தை உடுத்திக்கொண்டு தப்பிக்கின்றன. ஹாங்காங் பக்கத்துத் துணையினத்துக்கு அந்த உடுப்பு கிடையாது. நான் சொன்னது தப்பாக இருந்திருந்தாலும் அந்த மூடியைத் திறந்திருப்பேன். இன்றைக்கும் திறப்பேன்.

அன்று மாமா நெற்றியைத் தேய்த்துக்கொண்டு திரும்பி வந்தபோது, அவர் கண்முன்னே அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். சத்தம் தெருவுக்கே கேட்டது. எனக்கு வலிக்கவே இல்லை. அம்மாவுக்குச் சரியாக அடிக்கக்கூடத் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன்.