வாசலைவிடப் பெரிய ஓவியம்

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஓர் ஆர்மீனியர். யெரெவானில் ஓவியப் பேராசிரியராக இருந்தவர்; ரொறன்ரோவுக்கு வந்து, மாலை வகுப்புகள் எடுத்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த வருடம், பதினோராம் மாடியிலுள்ள அந்த வீட்டு வரவேற்பறைக்குள்ளேயே மரச்சட்டம் அடித்து, கான்வாஸ் கட்டி, பெரிய ஓவியமொன்றைத் தொடங்கினார். அதில் மனைவி யன்னலருகே முதுகு காட்டி நிற்கிறார், கீழே நெடுஞ்சாலை. ஏழு வருடங்களாகக் கத்தியால் எண்ணெய் வர்ணத்தை அப்பிக்கொண்டிருந்தார். சில இடங்களில் வர்ணம் விரல் தடிப்பு.

இந்த வசந்தத்தில், நகருக்கு வெளியே அஜக்ஸிலுள்ள மகள் வீட்டுக்குப் போக இணங்கினார். ஓவியமும் வர வேண்டும் என்பது ஒரே நிபந்தனை. நான் அளவு நாடாவோடு போனேன். ஓவியத்தின் உயரம் ஏழரை அடி, நீளம் பதினொன்று. வாசல் ஏழு அடிகூட இல்லை.

"உந்தப் படத்தை என்னெண்டு உள்ளை கொண்டு வந்தவர்?" என்றாள் என் மனைவி.

"உள்ளுக்கையே கட்டினவர்."

"புரொபசர் எண்டுறியள். கதவை ஒருக்கா அளந்து பாக்கேல்லையோ?"

அதையே ஆங்கிலத்தில், கொஞ்சம் பணிவாக, அவரிடம் கேட்டேன்.

"முதல் வருட மாணவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம் அது," என்றார். "அப்போது எனக்கு எங்கும் போகும் எண்ணம் இருக்கவில்லை."

சட்டத்திலிருந்து கழற்றிச் சுருட்டுவதுதான் மிச்சமிருந்த வழி. சனிக்கிழமை காலை மகள் வான் வண்டியோடு கீழே காத்திருந்தார். நாங்கள் ஆணிகளைப் பிடுங்கினோம். வர்ணம் வெளிப்பக்கம் இருக்கச் சுருட்ட வேண்டும் என்று பேராசிரியர் சொல்லித் தந்தார். தடித்த மட்டைக் குழாயில் முதல் சுற்று சத்தமின்றிப் போனது. இரண்டாவதில், ஓவியத்திலுள்ள மனைவியின் தோளருகே, பப்படம் நொறுங்கும் சத்தம்.

"நிறுத்து."

நகமளவு சாம்பல் நிறத் துண்டொன்று தரையில் கிடந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். விரித்தோம். திரும்பவும் சட்டத்தில் அடித்து முடிக்க மத்தியானமாகிவிட்டது. அதற்குள் மகள் மூன்று தடவை அழைத்திருந்தார். நான்காவது அழைப்பை அவர் எடுத்து, ஆர்மீனிய மொழியில் ஏதோ சொல்லி, போனை என்னிடம் நீட்டினார்.

"அப்பா வருகிறாரா, இல்லையா?" என்று மகள் ஆங்கிலத்தில் கேட்டார்.

அவர் புது வர்ணம் குழைத்து, உடைந்த துண்டை ஓவியத்தின் தோளில் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"இன்றைக்கு இல்லை," என்றேன்.

"அடுத்த சனி?"

அவரிடம் கேட்டேன். அவர் திரும்பவில்லை.

"இது காய ஆறு மாதமாவது ஆகும் என்று சொல்."

சொன்னேன்.