பக்கத்து சீட்டு பிரேக்

ஊரில் பாதிப் பேர் அவரிடம்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். எல்லாருக்கும் அவர் 'பிரேக் மாஸ்டர்'. பயிற்சிக் காரில் பக்கத்து சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டல்லவா, அதன் மேல் அவருடைய வலது கால் எப்போதும் பூனை மாதிரி பதுங்கியிருக்கும். குறுக்கே சைக்கிள் வந்து, பழகுகிறவர் ஐயோ என்று கண்ணை மூடும்போது வண்டி ஏற்கெனவே நின்றிருக்கும். இத்தனை வருஷத்தில் ஒரு கோழியைக்கூட அவர் வண்டி தொட்டதில்லை. அந்தக் காலைப் பற்றி மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

இன்னொரு பெருமை, அவரிடம் படித்தவர்கள் டெஸ்டில் தேறாமல் வந்ததில்லை. ரகசியம் பெரிதாக ஒன்றுமில்லை. டெஸ்ட் நடக்கும் அதே தெருக்களில் கடைசி இரண்டு வாரமும் ஓட்டவிடுவார். எந்த மரத்தருகே கியரை மாற்றுவது, எந்தக் கம்பத்தைப் பார்த்துத் திருப்புவது, எல்லாம் மனப்பாடம். அதற்கு அப்பால் ஒரு தெரு இருப்பதே பழகியவர்களுக்குத் தெரியாது. தன் உடம்பையும் அவர் இப்படித்தான் டெஸ்டுக்கு அனுப்பினார்.

வீட்டில் பரிசோதனை இலாகா மனைவியுடையது. அந்தம்மா தையல் கடைக்காரர்; அளவு எடுக்காமல் எதையும் நம்ப மாட்டார். முப்பதிலிருந்தே கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை, நாற்பதானதும் மார்புக்குப் படம் என்று தன்னுடையதை விடாமல் பார்த்துக்கொள்வார். கல்லூரியில் படிக்கும் மகளையும் விடவில்லை. "இருபது வயசுல பிரஷர் பார்த்தா என்ன, குறைஞ்சா போயிடுவ?" என்று இழுத்துக்கொண்டு போனார். மாஸ்டருக்கு நாற்பத்தைந்து முடிந்ததும் பிரஷர், சுகர், கொழுப்பு, கண்ணோடு குடலுக்காக மலப் பரிசோதனையும் சேர்ந்துகொண்டது. கடைசியதைக் கேட்டு அவர் முகம் போன போக்கைப் பார்த்து மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

போகமாட்டேன் என்று அவர் சொன்னதே இல்லை. தேதி தெரிந்ததும் தயாராகிவிடுவார், அவ்வளவுதான். மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்ட டீ நின்றுபோகும். பேக்கரிப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார். காலையில் வேர்க்க வேர்க்க நடை. ரிசல்ட் வந்ததும் "பாஸ்!" என்று வாசலிலிருந்தே கத்துவார். சாயங்காலமே கேக் வந்துவிடும்.

"இது உங்களுக்கே நல்லா இருக்கா?" என்பார் மனைவி.

"டாக்டரே நல்லா இருக்குன்னுட்டாரு, உனக்கென்ன?"

இந்த வருஷம் ரத்தம் எடுத்த நர்ஸ், போன வருஷம் அவரிடம் கார் பழகிய பெண். கூட வந்த மகளோடு காத்திருந்து சாயங்காலம் ரிசல்ட் வாங்கினால், வெறும் வயிற்றுச் சுகர் அழகாக வந்திருந்தது. மாஸ்டர் சட்டையை நீவிவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"உக்காருங்க மாஸ்டர். மூணு மாச சராசரின்னு இன்னொண்ணும் டாக்டர் எழுதியிருந்தாரு. அது ரொம்ப அதிகமா இருக்கு."

"அது எப்படிம்மா? ரெண்டு வாரமா இனிப்பையே தொடலையே!"

சொன்ன பிறகுதான் உளறிவிட்டது உறைத்தது. நர்ஸ் சிரித்தே விட்டாள்.

"அதுக்கு முன்னாடி தொட்டதெல்லாம் இதுல தெரிஞ்சிடும். எனக்கும் நீங்க டெஸ்ட் ரூட்டைத்தானே சொல்லிக் கொடுத்தீங்க? பாஸாயிட்டேன். மறுநாள் மார்க்கெட் தெருவுல வண்டியை நடுவுல நிறுத்திட்டு அழுதேன்."

மாஸ்டர் மறுபடி உட்கார்ந்தார். ஷூவைக் கழற்றச் சொன்னாள். சுகர் அதிகமென்றால் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். கையில் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு மெல்லிய நைலான் இழை.

"கண்ணை மூடிக்கோங்க. படுறப்போ 'ஆமா' சொல்லுங்க."

இடது காலில் ஒரு "ஆமா" சொன்னார். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு ஃபேன் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. காத்திருந்து அலுத்துப்போனார்.

"என்னம்மா, தூங்கிட்டியா? வலது காலை ஆரம்பி."

"முடிச்சிட்டேன் மாஸ்டர்."

கண்ணைத் திறந்தார். இழை வளையும்வரை கட்டைவிரலின் அடியில் அழுத்திக் காட்டினாள். கண்ணுக்குத் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை. அன்று காலையில்தான் மகளை முதன்முதலாகப் பயிற்சிக் காரின் ஸ்டியரிங்கில் உட்காரவைத்து, பள்ளிக்கூட வாசல் வழியாகவே இங்கே ஓட்டி வரச் சொல்லியிருந்தார். "அப்பா கால் இருக்கு, பயப்படாதே" என்று தைரியம் வேறு.

சுகர் கட்டுக்குள் வந்தால் இதற்கு மேல் போகாமல் பிடித்து நிறுத்தலாம், போனது திரும்புமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். தான் சொல்லும்வரை பிரேக்கில் கால் வைக்கக் கூடாது என்றும் சொன்னார்.

வெளியே மகள் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றாள். "திரும்பவும் நானே ஓட்டட்டுமாப்பா?"

"வேண்டாம்மா. நடந்தே போயிடலாம்."

பள்ளிக்கூடம் விடுகிற நேரம். வாசலிலிருந்து பிள்ளைகள் தபதபவென்று ஓடிவந்து அவர்மேல் மோதிக்கொண்டு போனார்கள். காலையில் இதில் ஒன்று குறுக்கே வந்திருந்தால்? மாஸ்டர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். பயிற்சிப் பள்ளிக்குப் போன் போட்டு, நாளையிலிருந்து தன் சீட்டில் வேறு ஆளைப் போடச் சொன்னார்.

வீட்டில் சத்தமில்லாமல் நுழைந்தவரை மனைவி தையல் மெஷினிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன, பாஸ் சத்தத்தையே காணோம்?"

"ஃபெயில்."

நடந்ததையெல்லாம் சொன்னார். அந்தம்மா கீழே உட்கார்ந்து அவருடைய வலது பாதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். விரலால் மெல்லத் தடவினார்.

"தெரியுதா?"

"நீ தடவறதைப் பாக்கறேன். அவ்வளவுதான்."

அந்தம்மா காலை விடவில்லை. கண்ணீரை முழங்கையால் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அடுத்த தடவை டெஸ்டுக்குப் படிக்காம போங்க."