பேண்டுக்கு நான் வைத்த பெயர்

என் சித்தப்பாவின் மியூசிக் பேண்டுக்குப் பெயர் வைத்தது நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. பெயர் வைக்கிறேன் என்று தெரியாமலே வைத்தேன். வைத்த நான்காம் நாள் இரண்டு குடும்பங்களுக்கு இடையே பேச்சு நின்றுபோனது.

குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டு மாடியறையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நான்கு பேர் கூடுவார்கள். இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்த சித்தப்பா கிடார் வாசித்தார். அவருடைய கூட்டாளிகளில் ஒருவர் டிரம்ஸ், இன்னொருவர் பாட்டு. நான்காவது ஆள் கீபோர்டு அக்கா. சர்ச்சில் வாசித்துவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வருவாள். அவள் வீட்டாருக்குத் தென்காசி பஜாரில் பாத்திரக்கடை. சித்தப்பா தப்பாக வாசித்தால் மற்ற இருவரும் திட்டுவார்கள்; அவள் மட்டும் அந்தத் தப்போடு சேர்ந்து வாசித்து அதைச் சரியாக்கிவிடுவாள்.

வாசிக்கிற நேரத்தைவிடப் பெயருக்காகச் சண்டை போடுகிற நேரம்தான் அதிகம். வெளிநாட்டு பேண்டுகள் பெயர் வைத்துக்கொண்ட கதைகளைச் சித்தப்பா ஒவ்வொன்றாக எடுத்துவிடுவார். ஒரு கூட்டம் தையல் மிஷினில் எழுதியிருந்ததைப் பார்த்து வைத்ததாம். இன்னொரு கூட்டம், முடி வளர்த்ததற்காகத் தங்களை விரட்டிய பள்ளிக்கூடத்து வாத்தியார் பெயரையே கொஞ்சம் திருகி வைத்துக்கொண்டதாம். வேறொன்று, அகராதியைக் கண்ணை மூடித் திறந்து விரல் பட்ட சொல்லை எடுத்துக்கொண்டதாம். நானும் அப்பாவின் தமிழ் அகராதியைத் தூக்கி வந்து கண்ணை மூடி விரல் வைத்தேன். மூக்கடைப்பு என்று வந்தது. பாடுகிறவர் கோபித்துக்கொண்டார். கீபோர்டு அக்கா மட்டும் சிரித்துச் சிரித்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த வருடம் சாரல் நன்றாக விழுந்தது. ஐந்தருவிக் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மேடை போடுவதாகவும், இவர்கள் வந்து வாசிக்கலாம் என்றும் சொல்லி அனுப்பினார்கள். பிளெக்ஸ் அடிக்கக் கொடுத்தாயிற்று, போட்டோவும் கொடுத்தாயிற்று. பெயர்தான் இல்லை.

வீட்டில் அதே சமயம் இன்னொரு பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. வீரகேரளம்புதூரில் சித்தப்பாவுக்குப் பெண் பார்த்திருந்தார்கள். அப்பாவுக்குப் பிடித்துவிட்டது, அம்மாவுக்குப் பிடித்துவிட்டது, அந்த வீட்டிலும் எல்லோருக்கும் சம்மதம். பூ வைக்க நாள் குறிக்க வேண்டியதுதான் பாக்கி. தினமும் அங்கிருந்து போன் வரும். சித்தப்பாவிடம் கேட்டால், "பாப்போம்ண்ணே" என்பார்.

வியாழக்கிழமை காலையில் சித்தப்பா குளித்துக்கொண்டிருந்தபோது அவர் போன் அடித்தது. நான் எடுத்தேன். பிளெக்ஸ் கடை அண்ணாச்சி அவசரப்பட்டார். பேண்டின் பெயரை இப்போதே சொன்னால்தான் அடித்துத் தர முடியும் என்றார். நான் குளியலறைக் கதவைத் தட்டினேன்.

"சித்தப்பா, என்ன முடிவுன்னு கேக்காவ!"

உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது. பிறகு, "இன்னும் முடிவாகலன்னு சொல்லிரு" என்று பதில் வந்தது.

அப்படியே போனில் சொன்னேன். "இதான் பேராம்மா?" என்று கேட்டார் அண்ணாச்சி. பெயருக்கான பதில் இதுதான் என்பதால் ஆமாம் என்றேன். மூக்கடைப்பைவிட நன்றாயிருக்கிறது என்றுகூட எனக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை மேடைக்குப் பின்னால் அந்தப் பிளெக்ஸ் தொங்கியது. சிவப்பில் மஞ்சள் எழுத்து: இன்னும் முடிவாகல. அதற்குக் கீழே, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கைகூப்பிய சித்தப்பா. பிளெக்ஸ் கடைக்காரர் அவரோடு கூடப் படித்தவர் என்பதால் மற்ற மூன்று பேரையும் காலடியில் சின்னதாகப் போட்டிருந்தார். மைக்கில் ஒருவர், "அடுத்து வருவது, இன்னும் முடிவாகல" என்றதும் பாதிக் கூட்டம் எழுந்து பஜ்ஜி தின்னப் போய்விட்டது. சித்தப்பா பிளெக்ஸை அண்ணாந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கிடாரை மாட்டிக்கொண்டு, அதுவரை நான் கேட்டிராத அளவுக்கு நன்றாக வாசித்தார்.

வீரகேரளம்புதூர்க்காரர்களும் அன்று அருவியில் குளிக்க வந்திருந்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே பெண்ணின் அப்பா போன் செய்துவிட்டார். நாள் குறிக்கப் போகிற நேரத்தில் மாப்பிள்ளை கைகூப்பி நின்று, இன்னும் முடிவாகவில்லை என்று ஊருக்கே போர்டு வைத்தால் என்ன அர்த்தம் என்று கேட்டார். அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. பேண்டின் பெயர் அது என்று அவர் சொல்லச் சொல்ல, அது பொய்யாகவே ஒலித்தது.

"நீயே போயி வெளக்கஞ் சொல்லுலே. போன எடுத்த இவளயும் கூட்டிட்டுப் போ. நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அங்கன வர?"

மறுநாள் சித்தப்பாவின் பைக்கில் போனோம். வழியெல்லாம் நான் அழுதேன். அந்த வீட்டில் பெரியவர்கள் முகம் கொடுக்கவில்லை. காப்பி கொண்டுவந்தது அந்தப் பெண்தான். டீச்சர் வேலைக்குப் படித்தவள். என் எதிரில் உட்கார்ந்து, நடந்ததைச் சொல்லச் சொன்னாள். ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"சித்தப்பாட்ட நீ என்னன்னு கேட்ட? அதே மாதிரி சொல்லு."

"என்ன முடிவுன்னு கேக்காவன்னு கேட்டேன்."

"யாரு கேக்காவன்னு சொன்னியா?"

"இல்லக்கா."

அவள் சித்தப்பாவின் பக்கம் திரும்பினாள். "நீங்க யாருக்குப் பதில் சொன்னிய?"

பேண்டுக்குத்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். நான் அவர் முழங்கையைப் பிடித்து உலுக்கினேன். அவர் காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். காப்பியில் ஆடை கட்டிவிட்டது. அவள் பொறுமையாகக் காத்திருந்தாள், பிறகு எழுந்தாள்.

"அப்பா, இது வேண்டாம்ப்பா" என்றாள் உள்பக்கம் பார்த்து. குரலில் கோபம் இல்லை. என் கன்னத்தைத் துடைத்துவிட்டு, "ஒம் மேல ஒரு தப்பும் இல்லட்டி" என்றாள்.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. நான் சொன்னது உண்மை. அவள் அதை நம்பினாள் என்பதும் தெரிந்தது. தப்பு என்மேல் இல்லை என்றால், கல்யாணம் ஏன் நிற்க வேண்டும்? வாசலுக்கு வந்ததும் சித்தப்பா திரும்பி அவளைப் பார்த்துக் கும்பிட்டார். அவள் தலையசைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

கீபோர்டு அக்காவை நான் சித்தி என்று கூப்பிட அதன்பிறகு இரண்டு வருடம் ஆயிற்று. இரு வீட்டிலும் நடந்த சண்டைகளைச் சொல்ல இது இடமில்லை. அதெல்லாம் எனக்கு அன்று எப்படித் தெரியும்? திரும்பி வரும்போது காற்றாலைகளைத் தாண்டியதும் சித்தப்பா மெதுவாகப் பாட ஆரம்பித்தார். பாவம், அழுகையை மறைக்கத்தான் பாடுகிறார் என்று நினைத்து, வீடு வருகிற வரை அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தபடியே வந்தேன்.