மாமா பூசிவிட்ட அம்பர்

என் மூக்கைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்வேன், கேட்டுக்கொள்ளுங்கள். நான் படித்தது நாலாம் வகுப்பு. இன்று மதுரையில் பெரிய வீட்டுக் கல்யாணமென்றால் பந்திக்குச் சமைப்பது என் ஆட்கள். நான் மோந்து பார்க்காமல் ஒரு அண்டாவும் அடுப்பிலிருந்து இறங்காது. மூடியை லேசாக நகர்த்தினால் போதும், மசாலாவில் பச்சை வாடை இருக்கிறதா என்று தள்ளி நின்றே சொல்லிவிடுவேன். இப்பேர்ப்பட்ட மூக்கை ஏமாற்றியவர் ஒரே ஒரு ஆள். என் மாமா.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்காலில் அப்பாவும் அம்மாவும் கூலி வேலை பார்த்தார்கள். எனக்கு எட்டு வயதாகியும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்துவதுதான் எங்களில் வழக்கம். எனக்கிருந்த ஒரே மாமாவோ துபாயில் கட்டட வேலையில் இருந்தார். அவர் வரட்டும், வரட்டும் என்று தள்ளிக்கொண்டே போனதில் பள்ளிக்கூடத்தில் எனக்கு மூளிக்காது என்று பட்டப்பெயர் விழுந்தது. அப்பாவின் அக்கா, என் அத்தை, அம்மாவை விடவே மாட்டாள். "ஒந்தம்பி வாரதுக்குள்ள இவ பிள்ளைக்கே காது குத்திருவோம் போல. இந்தத் தடவ வரலன்னா எம் வீட்டுக்காரரு மடியில ஒக்கார வச்சிருவேன், பாத்துக்க." அம்மா இராத்திரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

அந்தத் தடவை மாமா வந்துவிட்டார். அவர் வாசலுக்கு வருமுன்னே வாசனை வந்தது. கிராம்பும் பட்டையும் காய்ச்சிய வெல்லப்பாகும் கலந்து, மேலே சாம்பிராணிப் புகை காட்டியதுபோல் ஒரு மணம். மல்லிகையும் தாழம்பூவுமே தெரிந்த எனக்கு அது பூவில் பிறந்த வாசனையாகவே படவில்லை. பக்கத்து வீட்டு அக்கா சுவருக்கு மேல் தலையை நீட்டி, "என்னடி, பிரியாணியா?" என்றாள். பெட்டிக்குள் தேன் நிறத்தில் ஒரு குட்டிப் பாட்டில் இருந்தது. முதலாளி கொடுத்ததாம். பெயர் அம்பராம்.

மாமா வீட்டுக்குள்ளும் காலுறையைக் கழற்றவில்லை. துபாய்ப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டோம். காலையிலும் மாலையிலும் அம்பரைப் பூசிக்கொள்வார். நான் பக்கத்தில் போய் நன்றாக மோந்து பார்த்தேன்.

"மாமா, அடியில வேற ஒரு வாசம் வருதே. நனஞ்சு அழுகுன வெத்தல மாதிரி."

அவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பிறகு என் மூக்கைப் பிடித்து ஆட்டினார். "கெட்டிக்காரி. ஒசத்தி சென்ட்டுன்னா அப்பிடித்தான். மேல ஒண்ணு இருக்கும், அடியில ஒண்ணு இருக்கும். வெளிய சொல்லிறாத, ஊரே பாட்டிலக் கேட்டு வந்துரும்."

ஊரில் எனக்கு மட்டும் தெரிந்த சங்கதி என்று அதை நெஞ்சுக்குள் பூட்டி வைத்துக்கொண்டேன்.

அழகர்கோவிலில் காதுகுத்து. வேன் கிளம்பும் நேரத்தில் எனக்கும் அம்பர் வேண்டுமென்று அடம்பிடித்தேன். மாமா பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. அவ்வளவையும் என் கழுத்திலும் பட்டுப்பாவாடையிலும் பூசிவிட்டு, வெறும் பாட்டிலை உள்ளங்கையில் கவிழ்த்துத் தட்டினார். "நீதான ஏம் மடியில ஒக்காரப் போற. ஒம் மேல இருந்தா ஏம் மேல இருந்த மாதிரிதான்."

வேனில் எல்லோரும் என் பக்கமே திரும்பினார்கள். மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

மரத்தடியில் ஜமுக்காளம் விரித்தார்கள். மாமா சம்மணம் போட்டு, காலுக்கு மேல் துண்டைப் பரப்பி, என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். ஆசாரி ஊசியை ஏற்றினார். நான் அழவில்லை. இன்று வைரம் கிடக்கிற காதுகள் இவை. அன்று ஒரு முனகல்கூட வரவில்லை என்பதை எங்கு வேண்டுமானாலும் சொல்வேன். மாமா முகத்தில்தான் வேர்வை வழிந்தது. கண்ணிலிருந்தும் வழிந்தது.

"பிள்ள அழுகல, மாமங்காரன் அழுகுறான் பாரு," என்றாள் அத்தை. கூட்டம் சிரித்தது. எனக்காக ஒருவர் இவ்வளவு அழுகிறாரே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. "வலிக்கல மாமா," என்று கண்ணைத் துடைத்துவிட்டேன். "எறங்குடி," என்று அம்மா கையைப் பிடித்தாள். போட்டோக்காரர் வந்தால்தான் இறங்குவேன் என்று இன்னும் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டேன்.

"இருக்கட்டும்க்கா," என்றார் மாமா. "ஒக்காந்திருக்கட்டும்."

மறுநாளே அவரைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வேலையில் காலில் கம்பி விழுந்து, ஆறாமல் அழுகிய புண். வைத்தியம் பார்த்துக்கொள் என்றுதான் ஊருக்கே அனுப்பியிருக்கிறார்கள். மதுரையில் இறங்கியவர், ஆஸ்பத்திரியைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். "படுத்துட்டேன்னா பிள்ள காதுகுத்து நின்னுபோகுமேக்கா," என்றாராம் அம்மாவிடம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இதெல்லாம் பின்னால் விளங்கியது. அன்று அவரைப் பார்க்க என்னைக் கூட்டிப்போனபோது, போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்ததைப் பார்த்தேன். கால் மடக்கிப் படுத்திருக்கிறார் என்று நினைத்தேன். குனிந்து மோந்தேன். ஆஸ்பத்திரி மருந்து வாடைதான் வந்தது. மேல் வாசமும் இல்லை, அடி வாசமும் இல்லை.

"சென்ட்டு தீந்துபோச்சா மாமா?"

"தீந்துருச்சுடா."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பாவம், மாமன் காலுக்காகப் பிள்ளை எப்படி அழுகிறது பார் என்று பக்கத்துக் கட்டில்காரர்கள் பேசிக்கொண்டார்கள். நான் அழுதது அந்தப் பாட்டிலுக்காக. மாமா எழுந்து உட்கார முயன்று, என் கண்ணைத் துடைத்துவிட்டார்.